கால் நடக்க மனம் தெளியும்

மனம் சோர்ந்து உட்கார்ந்திருப்பவரிடம் நாம் எல்லோரும் தவறாமல் சொல்லும் புத்திமதி ஒன்று உண்டு: "கவலைப்படாதே!" ஜுரத்தில் கிடப்பவனிடம், "உடம்பைச் சூடாக வைத்துக் கொள்ளாதே!" என்று சொல்வதைப் போன்றதுதான் இது. அவன் என்ன, ஆசைப்பட்டா சூடாக்கிக் கொண்டான்?

சாதாரண விசாரம் வேறு. மனச்சோர்வு என்னும் வியாதி வேறு. காரணம் நீங்கினால் விசாரமும் நீங்கும். வியாதியோ வாரக் கணக்கில் நீடித்து, பசியையும் தூக்கத்தையும் கெடுத்து, பிரியமான காரியங்களில்கூடப் பற்றில்லாமல் செய்துவிடுகிறது. 2015-16-ல் தமிழ்நாடு உள்பட 12 ராஜ்யங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் ஏறக்குறைய 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது இதற்கு ஆளாகிறார். எந்த வீட்டு வாசற்படியும் இதற்கு உயரமல்ல.

மனத்தை நேரே பிடிக்க முடியாதபோது, உடம்பைப் பிடித்து இழுத்தால் மனமும் பின்னால் வரும் என்பதை வைத்திய சாஸ்திரம் சோதித்துப் பார்த்திருக்கிறது. அமெரிக்காவில் டியூக் சர்வகலாசாலையார் 1999-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மனச்சோர்வுற்ற 156 பெரியவர்களில் ஒரு சாராருக்கு மருந்தும், ஒரு சாராருக்குத் தேகாப்பியாசமும், மற்றொரு சாராருக்கு இரண்டும் அளித்தார்கள். 16 வாரம் முடிந்தபோது மூன்று சாராரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தனர். மருந்துண்டவர்கள் மட்டும் சற்றுச் சீக்கிரமாகத் தேறத் தொடங்கினார்கள். 2024-ல் 218 பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்களும் நடை, மெல்லோட்டம், யோகாசனம், பளுப் பயிற்சி ஆகியவற்றால் நல்ல குணம் காண்கிறது என்றே முடிவு கூறினார்கள்.

இதற்குத் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் இடப்பஞ்சம் இல்லை. தேரோடும் சித்திரை வீதிகள் நான்கையும் சுற்றி வரலாம். திடமுள்ளவர்கள் மலைக்கோட்டையின் நானூற்றுச் சொச்சம் படிகளையும் ஏறலாம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே நடைக்குரிய வேகம்.

மலைக்கோட்டையில் பாதி வழியில் கோயில் கொண்டிருக்கும் சுவாமியின் பெயரைத் தாங்கிய தாயுமானவர், 18-ஆம் நூற்றாண்டில் இவ்வூரில் நாயக்க மன்னரிடம் உத்தியோகம் பார்த்தவர். அவருக்கு மௌனகுரு செய்த உபதேசம் "சும்மா இரு" என்பதுதான் என்பார்கள். சும்மா இருப்பது எத்தனை கஷ்டம் என்பது ஐந்து நிமிஷம் முயன்றவர்களுக்குத் தெரியும். ஆகவே நடந்துகொண்டே பழகலாம். பாதம் தரையில் படுவதையும், மூச்சு வந்து போவதையும் கவனியுங்கள். மனம் நாளைய கடன் பாக்கியைத் தேடி ஓடும். திட்டாமல், கன்றைத் தொழுவத்துக்கு ஓட்டி வருவதுபோல் திருப்பிக் கொண்டு வாருங்கள். இத்தகைய கவனப் பயிற்சியை 1979-ல் ஜான் கபட்-ஜின் என்பவர் அமெரிக்க ஆஸ்பத்திரி ஒன்றில் எட்டு வாரப் பாடமாக வகுத்தார். பதற்ற நோயுள்ள 276 பேரிடம் நடத்திய சோதனையில், அது வழக்கமான மருந்து ஒன்றுக்குக் குறையாத பலனைத் தந்ததாக 2022-ல் வெளியாயிற்று.

ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? பையன் பத்தாம் வகுப்புக்கு வந்ததும், "விளையாட்டெல்லாம் பரீட்சை முடிந்த பிறகு" என்று உத்தரவாகிறது. பள்ளிக்கூடத்திலும் விளையாட்டு வகுப்பைக் கணக்கு விழுங்கிவிடுகிறது. பயமும் பதற்றமும் பிடித்தாட்டும் வருஷத்தில் ஓட்டத்தைப் பறிப்பது, அடைமழை நாளில் குடையைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதற்குச் சமானம். ஆசிரியனாக இருந்து இதை வருஷந்தோறும் பார்க்கிறேன். பெற்றோர்களே, நாளைக்கு அரைமணி நேரமாவது அந்தக் குடையைக் குழந்தைகளுக்குத் திருப்பிக் கொடுங்கள்.

மற்றொன்று. சோர்வுற்றவருக்கு எழுந்து நிற்பதே மலையேற்றம். "போய் நடந்துவிட்டு வா" என்றால் போகமாட்டார். "வா, கடைத்தெரு வரை போய் வருவோம்" என்று செருப்பை எடுத்து வைத்தால் ஒருவேளை வருவார். முதல் நாள் தெருக்கோடி வரை போனாலும் லாபந்தான்.

நடக்கிறோம் என்பதற்காக வைத்தியர் கொடுத்த மருந்தை நிறுத்திவிடக் கூடாது. "உயிரோடிருந்து என்ன பிரயோஜனம்?" என்று ஒருவர் சொன்னால், அது நடையால் தீரும் காரியமன்று. அவரைத் தனியே விடாமல் உடனே வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும். 2022-ல் சர்க்கார் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி அந்த எண்ணை எழுதி வையுங்கள்.