ஊசி கிடைக்கும், ஸ்ட்ரிப் கிடைக்காது

கிளினிக் நாள் எண்டால் எங்கட வீடுகளில விடியிறது நாலு மணிக்கு. அம்மாவோ அம்மம்மாவோ முதல்நாள் இரவே வேளைக்குச் சாப்பிட்டு முடிச்சிருப்பா. முதல் பஸ்ஸைப் பிடிச்சு, ஏ9 வீதியில இறங்கி, நம்பர் எடுத்து, வாங்கில குந்தியிருந்து, பேர் கூப்பிட்டதும் இரத்தம் குடுத்து, அதுக்குப் பிறகுதான் கொண்டுபோன இடியப்பப் பாசலைப் பிரிக்கிறது. பத்துப் பதினொரு மணிக்கு டொக்டர் கிளினிக் கொப்பியைத் திறப்பார். வெறுவயித்துச் சீனி 118. "பரவாயில்லை அம்மா, கட்டுப்பாட்டில இருக்கு. அதே மருந்தையே போடுங்கோ." அடுத்த திகதி ஒரு மாதம் கழிச்சு.

அந்த 118 ஒரே ஒரு காலையின்ர கணக்கு. மிச்ச இருபத்தொன்பது நாளும் என்ன நடந்தது எண்டு கொப்பிக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. கிளினிக் வருகுது எண்டால் மூண்டு நாளுக்கு முதலே சோறு குறையும், பிளேன்ரீக்குச் சீனி நிக்கும். சோதனைக்கு முதல்நாள் இரவு மட்டும் படிக்கிற எங்களுக்கு இந்த உத்தி புதுசில்லை.

இதை எழுதுற நாங்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாவில இருந்து யாழ்ப்பாணத்துக்குப் படிக்க வந்த கலைப்பீட மாணவர்கள். மருத்துவம் எங்கட பாடம் இல்லை. ஆனால் எங்கள் ஒவ்வொருவரின்ர வீட்டிலையும் ஒரு கிளினிக் கொப்பி இருக்கு. உங்கட வீட்டிலையும் இருக்கக்கூடும். 2018-19இல் நாடு முழுவதும் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்றின்படி இலங்கையில் வயது வந்தவர்களில் 23 வீதமானோருக்கு நீரிழிவு இருக்கிறது. நாலு பேரில் ஒருவருக்குக் கிட்ட. இது பெரிய வீட்டுக்காரரின் வருத்தம் எண்டு சொன்ன காலம் போயிட்டுது. வயலுக்குப் போறவைக்கும் கடலுக்குப் போறவைக்கும் தையல் ஃபக்டரிக்குப் போறவைக்கும் இந்த வருத்தம்தான்.

போன வருசம் எங்களில ஒருத்தியின்ர வீட்டில நடந்தது இது. அம்மாவுக்கு ரெண்டு நேரம் இன்சுலின். அண்டைக்குப் பின்னேரம் வரை கடலை பிடுங்கிப்போட்டு வந்து, களைப்பில ரெண்டு வாய் புட்டோட எழும்பிட்டா. ஊசியை மட்டும் வழமையான அளவு போட்டா. இரவு ரெண்டு மணி போல பாய் நனையிற அளவு வேர்வை, கை நடுக்கம், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில். வீட்டில குளுக்கோமீற்றர் இருந்தது. ஸ்ட்ரிப் இல்லை. கடைசி ஸ்ட்ரிப் மூண்டு கிழமைக்கு முதலே முடிஞ்சுது. தம்பி ஓடிப்போய்ச் சீனித்தண்ணி கரைச்சுக் குடுத்தான். கால் மணித்தியாலத்தில கண் தெளிஞ்சுது. நல்ல காலம்.

அடுத்தநாள் ஆஸ்பத்திரியில டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு இருந்தது?" எங்களிட்டப் பதில் இல்லை. 70க்குக் கீழ போயிருந்தால் சீனி குறைஞ்சிட்டுது எண்டு அர்த்தம், 54க்குக் கீழ எண்டால் ஆபத்து. அம்மா அண்டைக்கு எதில நிண்டவ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. டொக்டர் கொஞ்சம் யோசிச்சு ஊசியின்ர அளவைக் குறைச்சார். அவரும் ஊகத்திலதான் குறைச்சார், வேற வழி இல்லை. ஸ்ட்ரிப் எழுதித் தாங்கோ எண்டு கேட்டம். "அது இங்க தாறதில்லை பிள்ளை, வெளியில வாங்குங்கோ." ஒரு நாளைக்கு எத்தினை தரம் பார்க்கிறது எண்டு கேட்டம். "வசதியைப் பொறுத்துப் பாருங்கோ."

வசதியைப் பொறுத்து. எங்கட கோபம் எல்லாம் இந்த ரெண்டு சொல்லிலதான். டொக்டரில கோபம் இல்லை. வெளியில எத்தினை பேர் வரிசையில இருக்கினம் எண்டு எங்களுக்குத் தெரியும். இல்லாத சாமானை அவர் எப்படி எழுதித் தருவார்? ஆனால் ஒரு மருந்தை வசதியைப் பொறுத்துப் போடுங்கோ எண்டு எந்த டொக்டரும் சொல்லமாட்டார். சீனியைப் பார்க்கிறதை மட்டும் ஏன் வசதிக்கு விடுகினம்?

வசதியின்ர கணக்கைப் பார்ப்பம். இன்சுலின் போடுற ஒருவர் காலை, மத்தியானம், இரவு, படுக்க முதல் எண்டு நாலு தரம் பார்த்தால் மாதத்துக்கு 120 ஸ்ட்ரிப். 50 உள்ள பெட்டி எண்டால் ரெண்டரைப் பெட்டி. எங்கட பக்கத்துப் பாமசியில ஒரு பெட்டிக்கு ஒரு நாள் கூலி முழுக்கப் போகும், சில கொம்பனியின்ரை எண்டால் ஒண்டரை நாள் கூலி. மீற்றரை மலிவாத் தருவினம், சிலவேளை சும்மாவும் தருவினம். ஆனால் ஒரு கொம்பனி மீற்றருக்கு அந்தக் கொம்பனி ஸ்ட்ரிப்தான் போகும். பிரிண்டரை மலிவா வித்துப்போட்டு மையில காசு பார்க்கிற அதே வியாபாரம்.

இதுக்கு மேல எங்கட வெயில். பெரும்பாலான போத்தல்களில 30 பாகைக்கு மேல வைக்கவேண்டாம் எண்டு போட்டிருக்கும். தகரக் கூரை வீட்டில சித்திரை மாதம் 30 பாகைக்குக் கீழ ஒரு மூலையைக் காட்டுங்கோ பார்ப்பம். மூடி திறந்து குறிப்பிட்ட மாதத்துக்குள்ள முடிக்கவும் வேணும். காசு மிச்சம் பிடிக்கிறம் எண்டு ஒரு போத்தலை ஒரு வருசம் வைச்சுப் பாவிக்கிற வீடுகள் எங்களுக்குத் தெரியும். அந்த மீற்றர் காட்டுற இலக்கத்தை எப்படி நம்புறது?

2022இல் ரூபாய் விழுந்தபோது இது இன்னும் இறுகியது. மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. ஸ்ட்ரிப் இறக்குமதிச் சாமான். கூலி அந்த வேகத்தில ஏறேல்லை. நாளுக்கு ஒருக்காப் பார்த்தவை கிழமைக்கு ஒருக்கா எண்டு வந்திச்சினம், பிறகு மீற்றரை அலுமாரியில வைச்சிட்டினம்.

வெளிநாட்டில எல்லாருக்கும் அள்ளிக் குடுக்கினம் எண்டு நினைக்கவேண்டாம். அங்கையும் அளவு இருக்கு. எங்கட சொந்தக்காரர் பாதிப்பேர் இருக்கிற ரொரொன்ரோ நகரம் ஒன்ராரியோ மாகாணத்தில் இருக்கிறது. அந்த மாகாணத்தின் மருந்துத் திட்டம் 2013 ஆகஸ்டில் ஸ்ட்ரிப்புக்கு உச்சவரம்பு வைத்தது. இன்சுலின் போடுபவருக்கு வருடத்துக்கு 3000. சீனியைக் கடுமையாகக் குறைக்கக்கூடிய குளிசை எடுப்பவருக்கு 400. மற்றவர்களுக்கு 200. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் காப்புறுதி, இன்சுலின் போடுபவருக்கு மூன்று மாதத்துக்கு 300, போடாதவருக்கு 100 என்று கணக்கு வைத்திருக்கிறது. பிரித்தானியாவின் மருத்துவ வழிகாட்டல், முதலாம் வகை நீரிழிவுள்ள பெரியவர்கள் நாளுக்குக் குறைந்தது நாலு தரம் பார்க்கவேண்டும் என்கிறது. இரண்டாம் வகை நீரிழிவுள்ள எல்லாருக்கும் வழமையாகக் கொடுக்கத் தேவையில்லை என்றும் அதே வழிகாட்டல் சொல்கிறது. இன்சுலின் போடுபவர், சீனி குறைந்து மயங்கிய அனுபவம் உள்ளவர், சீனியைக் குறைக்கக்கூடிய குளிசை எடுத்துக்கொண்டு வாகனமோ இயந்திரமோ ஓட்டுபவர், கர்ப்பிணி ஆகியோருக்குத்தான் கொடுக்கச் சொல்கிறது.

இந்த அளவுகள் போதாது எண்டு அங்கையும் சண்டை நடக்குது. ஆனால் அங்க ஒரு எழுதின விதி இருக்கு. ஆருக்கு எத்தினை, ஏன் எண்டு காரணம் இருக்கு. விதி இருந்தால் அதோட வாதாடலாம். "வசதியைப் பொறுத்து" எண்ட சொல்லோட என்னத்தை வாதாடுறது?

எங்கட ஊரிலயும் எழுதாத விதி ஒண்டு இருக்கு. வெளிநாட்டில ஆள் இருக்கோ இல்லையோ எண்டதுதான் அது. லண்டன் மாமா வரேக்க சொக்லேற்றோட ரெண்டு பெட்டி ஸ்ட்ரிப்பும் வரும். கனடாச் சித்தி பாசல் போடுவா. அதிலயும் பாதி எங்கட மீற்றருக்குப் பொருந்தாத ஸ்ட்ரிப்பா இருக்கும், அது வேற கதை. மாமாவும் சித்தியும் இல்லாத வீடு? ஆம்பிளை இல்லாமல், பிள்ளைகளைத் தனிய வளர்க்கிற பெண்கள் தலைமை தாங்குற வீடுகள் வன்னியில எத்தினை? போர் முடிஞ்சு இவ்வளவு வருசத்துக்குப் பிறகும் ஒரு தாயின்ர இரத்தத்தில எவ்வளவு சீனி எண்டதை ரொரொன்ரோவில ஆர் இருக்கினம் எண்டது தீர்மானிக்குது.

1990களில வன்னிக்குள்ள மருந்து மட்டுப்பட்டுத்தான் வந்தது. பற்றரிக்குத் தடை. எங்கட அம்மம்மாமார் அந்தக் காலத்தில இந்த வருத்தத்தோட எப்படிச் சமாளிச்சிச்சினம் எண்டு கேட்டால், "கடவுள் விட்ட வழி" எண்டுதான் சொல்லுவினம். இண்டைக்குத் தடை இல்லை. பாமசிக் கண்ணாடிக்குள்ள ஸ்ட்ரிப் பெட்டி அடுக்கி வைச்சிருக்கு, பற்றரியும் இருக்கு. இடையில நிக்கிறது காசு.

ஒண்டைச் சொல்லத்தான் வேணும். இன்சுலின் எங்களுக்கு இலவசமாக் கிடைக்குது. அது சின்ன விசயம் இல்லை. 1922 ஜனவரி 11 அன்று, அதே ரொரொன்ரோ நகரத்தில், 14 வயதுப் பையன் ஒருவனுக்குத்தான் முதன்முதல் இன்சுலின் ஏற்றினார்கள். கண்டுபிடித்தவர்கள் அதன் காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டொலருக்குக் கொடுத்தார்கள். 1977இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இன்சுலின் இருந்தது. ஆனால் அத்தியாவசியப் பரிசோதனைகளுக்கு அதே நிறுவனம் பட்டியல் போட்டது 2018இல்தான். அதில் இரத்தச் சீனிப் பரிசோதனையும் இருக்கிறது. மருந்துக்கும் பரிசோதனைக்கும் இடையில் 41 வருட இடைவெளி. எங்கட கிளினிக்குகள் இன்னும் அந்த இடைவெளிக்குள்ளதான் நிக்குது.

காசு இல்லை எண்டு சொல்லுவினம். இந்த நாட்டுக்கு அதுக்கும் ஒரு முன்மாதிரி இருக்கு. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கி அதன் முதல் தலைவராக இருந்தார். கொம்பனிப் பெயரைப் பார்க்காமல் மருந்தின் பெயரைப் பார்த்து, நாடு முழுவதுக்கும் சேர்த்து உலகச் சந்தையில் கேள்விப்பத்திரம் போட்டு மலிவாக வாங்குவது என்பதுதான் அவருடைய யோசனை. ஸ்ட்ரிப்புக்கும் அதைச் செய்யலாம். தரம் பார்த்து ஒரே வகை மீற்றரை நாடு முழுக்கக் குடுத்து, அதுக்குரிய ஸ்ட்ரிப்பை மொத்தமா வாங்கினால், பிரிண்டர்-மை வியாபாரம் தானா உடையும். வவுனியாவில சிறுநீரக வருத்தத்தால எத்தினை குடும்பம் அலையுது எண்டு பார்த்தவைக்கு, சிறுநீரகம் பழுதான பிறகு செய்யிற செலவு எவ்வளவு எண்டு நாங்கள் சொல்லத் தேவையில்லை. சீனியும் சிறுநீரகத்தைத்தான் தின்னும்.

எல்லாருக்கும் 120 ஸ்ட்ரிப் தாங்கோ எண்டு நாங்கள் கேக்கேல்லை. மெற்போமின் குளிசை மட்டும் எடுக்கிற அப்பாவுக்கு நாளாந்தம் குத்திப் பார்க்கத் தேவையில்லை. அவருக்கு மூண்டு மாதச் சராசரியைக் காட்டுற எச்பிஏ1சி பரிசோதனை ஒழுங்காக் கிடைச்சால் பெரிய உதவி. நாங்கள் கேக்கிறது மூண்டு விசயம்.

ஒண்டு, இன்சுலின் போடுறவை, கர்ப்பிணிகள், நீரிழிவு உள்ள சிறுபிள்ளைகள் ஆகியோருக்கு மாதம் ஒரு பெட்டியாவது ஊசியோட சேர்த்துக் கிளினிக்கில குடுக்கவேணும். 50 ஸ்ட்ரிப் நாலு தரத்துக்குப் போதாதுதான், ஆனால் ஒரு நாளும் இருட்டில போகாது.

ரெண்டு, வெளியில வாங்கச் சொன்னாலும், எப்ப எப்ப எத்தினை தரம் பார்க்கவேணும் எண்டு கிளினிக் கொப்பியில எழுதித் தரவேணும். எழுத்தில இருந்தால்தான் அது தேவை எண்டு கணக்கில வரும். எழுதாத தேவைக்கு ஆரும் நிதி ஒதுக்கமாட்டினம்.

மூண்டு, கிராமத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளில, முதல் பஸ் தேவைப்படாத தூரத்தில, சாப்பிட்டு ரெண்டு மணித்தியாலத்துக்குப் பிறகும் ஒருக்காப் பார்க்கக்கூடிய ஒழுங்கு வேணும். வெறுவயித்துச் சீனி மட்டும் முழுக் கதையையும் சொல்லாது.

அது வரைக்கும் நாங்கள் செய்யக்கூடியதும் இருக்கு. கிழமைக்கு நாலு ஸ்ட்ரிப்தான் வாங்க ஏலும் எண்டால், நினைச்ச நேரம் குத்தாமல் சோடியாப் பாருங்கோ. ஒருநாள் சாப்பாட்டுக்கு முதலும் ரெண்டு மணித்தியாலம் கழிச்சும், இன்னொரு நாள் வயல் வேலைக்குப் பிறகும் படுக்க முதலும். கையைக் கழுவித் துடைச்சிட்டுக் குத்துங்கோ, மாம்பழம் வெட்டின விரல் பொய் சொல்லும். இலக்கத்தையும் நேரத்தையும் ஒரு கொப்பியில எழுதி அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோங்கோ. வேர்வை, நடுக்கம் வந்து ஸ்ட்ரிப் இல்லாட்டி யோசிச்சுக்கொண்டு நிக்கவேண்டாம். ஆள் விழுங்கக்கூடிய நிலையில இருந்தால் உடனே சீனித்தண்ணி குடுங்கோ. நினைவில்லாட்டி வாயில ஒண்டும் ஊத்தாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ.

அந்த இரவுக்குப் பிறகு அந்தத் தோழி மகாபொலக் காசு வந்ததும் முதல் வேலையா ஒரு பெட்டி ஸ்ட்ரிப் வாங்கி ஊருக்குப் போற பஸ்ஸில குடுத்துவிடுவாள். அம்மா அதை எண்ணி எண்ணிப் பாவிக்கிறா. போன கிழமை கதைக்கேக்க சொன்னா, "ரெண்டு மிச்சம் வைச்சிருக்கிறன் பிள்ளை, இரவில ஏதும் எண்டால் பார்க்க."