காப்புறுதி முகவருக்குக் காப்புறுதி எங்கே?

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களைப் புரட்டுவோருக்கு இந்த அறிவித்தல் நன்கு பழக்கமானது. “உங்கள் வாழ்வுக்கு நீங்களே முதலாளி, எல்லையற்ற வருமானம், வெளிநாட்டுச் சுற்றுலா, க.பொ.த. சாதாரண தரம் போதுமானது.” பதவியின் பெயர் காப்புறுதி ஆலோசகர் என்றோ நிதித் திட்ட நிபுணர் என்றோ இருக்கும். முகவர் என்ற பழைய சொல்லைக் காண்பது அரிது. சம்பளம் என்ற சொல்லைக் காண்பது அதனிலும் அரிது.

காப்புறுதியைப் பழிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. 2004 டிசெம்பரில் ஆழிப்பேரலை எமது கரைகளை விழுங்கியபோது, உழைப்பாளியை இழந்த எத்தனையோ குடும்பங்கள் நிவாரண வரிசையை மட்டுமே நம்பி நின்றன. மரணத்தைப் பற்றிப் பேசவே அஞ்சுகின்ற எமது சமூகத்தில், ஒரு வீட்டின் திண்ணையில் அமர்ந்து, “நாளை நீங்கள் இல்லையென்றால் பிள்ளைகளின் கதி என்ன?” என்று கேட்பதற்குத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலைத் தொழிலாகக் கொண்டவர் மதிப்புக்குரியவர். அவரை மதியாதது, அவரை வேலைக்கு அழைக்கும் முறையே என்பதுதான் எமது குற்றச்சாட்டு.

இலங்கையில் 1962 இல் ஆயுள் காப்புறுதி அரச கூட்டுத்தாபனத்தின் தனியுரிமையாயிற்று. 1980களின் இறுதியில் தனியார் நிறுவனங்களுக்குக் கதவு திறக்கப்பட்டது. போட்டி வந்தது, போட்டியோடு இலக்கு வந்தது, இலக்கோடு ஆள்பிடிப்பு வந்தது. 2009 இல் போர் ஓய்ந்து ஏ-9 பாதை திறந்தபின், வங்கிகளையும் குத்தகை நிறுவனங்களையும் பின்தொடர்ந்து காப்புறுதி நிறுவனங்களும் வடக்கின் நகரங்களில் கிளை பரப்பின. வேலையற்றிருந்த எமது இளைஞர், யுவதிகளுக்கு முதலில் திறந்த கதவுகளுள் இதுவும் ஒன்று. அந்தக் கதவுக்கு அப்பால் என்ன இருக்கின்றது என்பதை எவரும் விளக்கிச் சொல்வதில்லை.

பயிற்சி வகுப்பின் ஆரம்ப நாட்களிலேயே புதிய முகவரிடம் ஒரு தாளை நீட்டுவார்கள். “உங்களுக்குத் தெரிந்த 100 பேரின் பெயரை எழுதுங்கள்.” அவர் சித்தப்பாவை எழுதுவார், மாமியை எழுதுவார், படிப்பித்த ஆசிரியரை எழுதுவார், வெளிநாட்டில் இருக்கும் மைத்துனரையும் எழுதுவார். நிறுவனம் உண்மையில் வேண்டிநின்றது அந்தப் பட்டியலையே. ஒரு குடும்பம் தலைமுறைகளாகச் சேர்த்துவைத்த நம்பிக்கை, ஒரு தாளில் எழுதி வாங்கப்படுகின்றது.

ஒரு கணக்குப் பார்ப்போம். தரகு வீதம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுமாதலால் இவ்வெண்களை உதாரணமாக மட்டும் கொள்க. மாதம் 5,000 ரூபா கட்டுப்பணம் செலுத்தும் 20 உறவினரை முகவர் சேர்த்துவிட்டார். ஆண்டுக் கட்டுப்பணம் 12 இலட்சம் ரூபா. முதலாம் ஆண்டுத் தரகு 30 சதவீதமென வைத்தால் 360,000 ரூபா, அதாவது மாதம் 30,000 ரூபா. மோட்டார் சைக்கிளின் எரிபொருளும் தொலைபேசிச் செலவும் இதற்குள் அடக்கம். இரண்டாம் ஆண்டில் தரகு 10 சதவீதமாக இறங்கினால் மாத வருமானம் 10,000 ரூபா. பழைய 30,000 ரூபாவை எட்டுவதற்கே புதிதாக 14 பேர் வேண்டும். பட்டியலிலோ உறவினர் தீர்ந்துவிட்டனர். ஆயுள் காப்புறுதித் தரகு முதலாண்டில் உயர்ந்தும் பின்னர் சரிந்தும் செல்வது தற்செயலன்று. விற்பவனுக்கே வெகுமதி, பராமரிப்பவனுக்கு இல்லை என்பதே அதன் பொருள்.

இந்தச் சரிவில் எத்தனையோ இளைஞர் தொழிலைக் கைவிடுகின்றனர். அவர்கள் சேர்த்த பொலிசிகள் கேட்பாரற்றுப் போகின்றன. நினைவூட்ட ஆளில்லாமல் கட்டுப்பணம் நின்றுபோகின்றது. முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் காலாவதியாகும் சேமிப்புப் பொலிசிக்குப் பொதுவாகக் கைவிடற் பெறுமதி எதுவும் இராது. மாமி கட்டிய பணம் மாமிக்கு இல்லை. மருமகன் அதன்பின் அவரது வீட்டு வாசலை மிதிப்பதும் இல்லை. நிறுவனமோ அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே விளம்பரத்தை வெளியிட்டு, வேறொருவரின் 100 பெயர்களுக்காகக் காத்திருக்கின்றது.

தொழிலில் நிலைத்து நிற்பவரின் நிலை என்ன? 1958 ஆம் ஆண்டின் சட்டப்படி ஒரு தொழில்தருநர் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும், 1980 ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதமும் செலுத்த வேண்டும். முகவரின் ஒப்பந்தமோ அவரை ஊழியராகக் கொள்வதில்லை. அவர் சுயாதீன முகவராம். ஆயினும் காலைக் கூட்டத்துக்கு வராவிட்டால் முகாமையாளர் கடிந்துகொள்வார். மாத இலக்கை நிறுவனமே விதிக்கும். போட்டி நிறுவனத்தின் ஆயுள் பொலிசியை அவர் விற்பதை எந்த நிறுவனமும் விரும்பாது. கட்டளையிடும்போது ஊழியர், கடமை செய்ய வேண்டிய வேளையில் அந்நியர். இது எந்த வகை நீதி?

இதனினும் கொடியது முன்மொழிவுப் படிவத்தின் கதை. ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவத்தை முகவரே நிரப்புகின்றார். “தம்பி, எனக்குச் சீனி வருத்தம் இருக்கு” என்று பெரியவர் சொல்கின்றார். “அது பரவாயில்லை ஐயா” என்று கூறி, இல்லை என்ற கட்டத்தில் முகவர் அடையாளமிடுகின்றார். மாத இறுதி நெருங்குகின்றது; இலக்கு நிறையவில்லை. பெரியவர் இறந்தபின், உண்மையை மறைத்தார் என்று கூறி இழப்பீடு மறுக்கப்படுகின்றது. 1852 ஆம் ஆண்டின் குடியியற் கட்டளைச்சட்டம் ஆயுள் காப்புறுதி தொடர்பான வழக்குகளில் எம்மை ஆங்கிலேயச் சட்டத்தின்பால் அனுப்பிவைத்தது. அந்த ஆங்கிலேயச் சட்டத்தில் 1929 ஆம் ஆண்டின் நியூஸ்ஹோம் வழக்குப் பெயர்பெற்றது. சரியான தகவலைக் கேட்டறிந்த முகவர் படிவத்தில் பிழையாக எழுதியபோது, அந்த எழுத்து வேலையைப் பொறுத்தவரை அவர் வாடிக்கையாளரின் ஆளே என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. பிரித்தானியாவே 2012 இல் நுகர்வோர் காப்புறுதிக்கெனத் தனிச் சட்டம் இயற்றிப் பழைய கடுமையைத் தளர்த்திவிட்டது.

அவ்வாறாயின் முகவர் யாருடைய ஆள்? பணம் சேர்க்கையில் நிறுவனத்தின் ஆள். பிழை நேர்கையில் வாடிக்கையாளரின் ஆள். சேமலாப நிதி என்று வந்தால் எவருடைய ஆளுமல்லர். ஊராரின் ஏச்சு மட்டும் அவருக்கே உரியது. எய்தவன் இருக்க அம்பை நோவதில் எமது மக்களும் வல்லவர்கள்.

“முயற்சியுடையவர் இலட்சாதிபதியாகின்றாரே” என்று நிறுவனத்தார் மறுமொழி கூறுவர். உண்மைதான். 20 ஆண்டுகள் உழைத்து, தமது வாடிக்கையாளரின் மரண வீட்டில் முதலாளாய் நின்று, இழப்பீட்டுக் காசோலை கைக்கு வரும்வரை ஓயாத முகவர்கள் இருக்கின்றார்கள். அவர்களது படத்தை விளம்பரத்தில் இடுகின்றவர்கள், அதே ஆண்டில் சேர்ந்து விலகியவர்களின் தொகையையும் அருகில் அச்சிடத் தயாரா?

மாற்று வழி இல்லாமலில்லை. அயல்நாடான இந்தியாவில் அரசுக்குச் சொந்தமான எல்.ஐ.சி. நிறுவனத்தின் முகவர்களும் தரகுக்கே உழைக்கின்றனர். ஆயினும் அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு. 2023 இல் அதன் உச்சவரம்பு 3 இலட்சம் இந்திய ரூபாவிலிருந்து 5 இலட்சமாக உயர்த்தப்பட்டது. முகவர்களுக்கான ஆயுள் காப்புறுதித் தொகையும் கூட்டப்பட்டது. அவர்களும் ஊழியர் அல்லர் என்பதால் நிறுவனம் கைகழுவிவிடவில்லை. அங்கே இயலுமானது இங்கே ஏன் இயலாது?

எமது கோரிக்கைகள் நான்கு. ஆள்சேர்ப்பு விளம்பரத்தில், முந்திய ஆண்டில் சேர்ந்தவர்களுள் எத்தனை பேர் நிலைத்தனர் என்பதும் முகவர் ஒருவரின் சராசரி வருமானமும் குறிப்பிடப்பட வேண்டும். முதலாண்டில் குவியும் தரகைப் பொலிசியின் காலமெங்கும் பரவலாக்கிப் பராமரிப்புக்கும் ஊதியம் வழங்க வேண்டும். முன்மொழிவுப் படிவத்தை வாடிக்கையாளரின் மொழியில் அச்சிட்டு, அவர் கூறிய விடைகளை அவருக்கே வாசித்துக் காட்டிய பின்னரே கையொப்பம் பெற வேண்டும். நெடுங்காலம் உழைத்த முகவருக்கு நிறுவனம் தனது பங்களிப்புடன் ஓய்வுகால நிதியொன்றை ஏற்படுத்த வேண்டும். 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் வழிவந்த ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, நிறுவனங்களின் மூலதனத்தைக் கண்காணிப்பதோடு இவற்றையும் கவனிக்கக் கடமைப்பட்டுள்ளது.

இத்துறையில் நுழைய எண்ணும் தம்பி, தங்கையருக்கு ஒரு வார்த்தை. ஒப்பந்தத்தைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். இரண்டாம், மூன்றாம் ஆண்டுத் தரகு எவ்வளவு, நீங்கள் விலகினால் புதுப்பிப்புத் தரகு யாருக்கு, நீங்கள் சேர்த்த பொலிசிகளை யார் பராமரிப்பார் என்று கேளுங்கள். இக்கேள்விகளுக்கு எழுத்தில் விடை தராத முகாமையாளர் 100 பெயர்களை எழுதச் சொல்லித் தாளை நீட்டினால், அதை வெறுமையாகவே திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து வாருங்கள்.