செயலி மட்டும் போதாது, படிப்பகம் வேண்டும்

"எல்லாம் போனிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. படிக்கிறவன் படித்துக்கொள்ளட்டும். இனியும் எதற்கு இடஒதுக்கீடு?"

செம்பாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புக் கூட்டங்களிலும் டீக்கடையிலும் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறேன். கேட்கிறவர்கள் யார்? பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு வேனில் அனுப்பிவிட்டு, மாலையில் டியூஷனுக்கும் தனியாகப் பணம் கட்டுகிறவர்கள். தங்கள் பிள்ளைக்குப் போதாத இலவசச் செயலி, சேரிப் பிள்ளைக்கு மட்டும் போதும் என்கிறார்கள். பழைய 'தகுதி' வாதம்தான் இப்போது கையில் போனோடு வருகிறது.

அரசு தந்திருப்பதை நான் குறைத்துப் பேசவில்லை. 2017-இல் திக்‌ஷா வந்தது. அதே ஆண்டு உயர்கல்விக்கு ஸ்வயம் வந்தது. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி, 2023-இல் தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடங்களுக்கான மணற்கேணி செயலி. பாடநூலில் அச்சிட்ட கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்தால் காணொளி ஓடுகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய நூல்கள் காசில்லாமல் படிக்கக் கிடைக்கின்றன. மாணவர், ஆசிரியர், பெற்றோர் எல்லோருக்கும் பயன்படுபவை இவை. நம் வரிப்பணத்தில் உருவானவை. உரிமையோடு எடுத்துப் பயன்படுத்த வேண்டும்.

ஆனால் இலவசமாக இருப்பது வேறு, கைக்கு எட்டுவது வேறு. வீட்டில் இருப்பது ஒரே போன். வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவோடு அது காலையிலேயே கிளம்பிவிடும். அல்லது டெலிவரி வேலை பார்க்கும் அண்ணனிடம் இரவு வரை இருக்கும். மேடவாக்கம் தாண்டினால் பெரும்பாக்கம். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து பெயர்த்தெறியப்பட்ட தலித்துகளும் பிற உழைக்கும் மக்களும் அங்கே சின்னஞ்சிறு வீடுகளில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். காணொளியில் சொல்வது காதில் விழவாவது ஒரு மூலை வேண்டாமா?

2021 ஆகஸ்ட்டில் ழான் திரேஸ் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் ஒருங்கிணைத்த ஆய்வு, தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் நடந்தது. கிராமப்புறத்தில் பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகளில் முறையாக இணையவழியில் படித்தவர்கள் 4 சதவீதம் மட்டுமே. மற்ற குழந்தைகளில் 15 சதவீதம். இத்தனைக்கும் அது வசதியற்றவர்கள் வாழும் பகுதிகளில் எடுத்த ஆய்வு. ஏழைகளுக்குள்ளும் சாதி பிரித்திருக்கிறது. 'படிக்கிறவன் படித்துக்கொள்ளட்டும்' என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

திரை மட்டும் போதாது என்பது அரசுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கி, குடியிருப்புகளுக்கே தன்னார்வலர்களை அனுப்பியது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் தேவை என்பதை அரசே ஒப்புக்கொண்டதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நமக்கு இது புதிய பாடமும் அல்ல. பள்ளிக்கூடத்தைத் திறந்துவைத்தால் மட்டும் பசித்த பிள்ளை வந்துவிடாது என்று புரிந்துகொண்டவர்கள் நீதிக்கட்சிக்காரர்கள். 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது. பின்னாளில் காமராசர் அதை மாநிலம் முழுவதும் கொண்டுபோனார். 'பள்ளி இலவசம்தானே, வராதது உன் குற்றம்' என்று அன்று அவர்கள் கைகழுவியிருந்தால் நம்மில் எத்தனை பேர் படித்திருப்போம்?

அன்று சோறு. இன்று ஒரு நாற்காலி, ஒரு திரை, இணைய இணைப்பு, வழிகாட்ட ஒரு மனிதர். 2021 நவம்பரில் செம்பாக்கம் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. வரி கட்டுகிறோம்; கேட்கிறோம். வார்டுக்கு ஒரு மாலைப் படிப்பகம் திறக்க வேண்டும். மாலை ஆறு முதல் ஒன்பது வரை நடக்கட்டும். அதே பகுதியில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் இளைஞரை முறையான சம்பளத்தில் அமர்த்த வேண்டும். பெற்றோருக்கும் செயலியைத் திறந்து காட்டிச் சொல்லித்தர வேண்டும். பெரும்பாக்கத்தில் இதை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமும், விடுதிகளில் ஆதிதிராவிடர் நலத்துறையும் செய்யட்டும்.

பணம் இல்லை என்று சொல்லாதீர்கள். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா கொடுத்த அரசு இது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏன் கொடுக்கக் கூடாது? ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுக்கான நிதிக்கென்றே 2024-இல் சட்டமும் நிறைவேற்றியிருக்கிறார்கள். அந்த நிதியில் நம் பிள்ளைக்கு ஒரு மேசை வராதா?

தோழர்களே, அம்பேத்கர் படிப்பகமும் பெரியார் படிப்பகமும் நாம் தெருத்தெருவாகக் கட்டியவை. ஒரு கீற்றுக் கொட்டகை, இரண்டு பெஞ்சு, நாலு பத்திரிகை என்று தொடங்கியவை. அரசின் பாடங்கள் இருக்கின்றன; அவற்றைப் படிக்க இடத்தையும் அரசே தரட்டும். அதுவரை இடஒதுக்கீட்டைப் பற்றிக் கேள்வி கேட்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: முதலில் உங்கள் பிள்ளையின் டியூஷனை நிறுத்திவிட்டு, அந்தச் செயலியை மட்டும் கொடுத்துப் பாருங்கள்.