கணக்குச் சொல்லும் பந்து



"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதுடா" என்றார்கள். காதலைப் பற்றி நாலு பேர் கவிதை கொடுத்துவிட்டார்கள். நட்பைப் பற்றி ஆறு பேர். எனக்கு இரண்டும் எழுத வராது. நான் ஒரு பந்தைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். கடைசி வரை படித்துவிட்டுச் சிரியுங்கள்.

நம்மில் பலரைப் போல நானும் முகூர்த்த நாட்களில் பந்தி பரிமாறப் போகிறவன்தான். போன தை மாதம் கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். இராத்திரிப் பந்தி முடிந்து, அண்டாவெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு இரண்டாங்கட்டில் உட்கார்ந்திருந்தோம். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த அந்த வீட்டுப் பேரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, என்ன படிக்கிறீங்க?"

"டிப்ளமோ எலெக்ட்ரானிக்ஸ் அண்ணே."

"அப்ப உங்களுக்கு இது பிடிக்கும்" என்று செல்போனை நீட்டினார்.

அட்லாண்டா நகரில் நண்பர்களோடு அவர் கழித்த ஓர் இரவு அதில் ஓடியது. பட்ஷாக் என்ற இடம். வெளிச்சம் குறைந்த பெரிய கூடம். பாட்டு, சாப்பாடு, சிரிப்பு. நடுவே வளைந்து நெளிந்து பச்சை விரிப்புப் பாதைகள். ஆளுக்கு ஒரு மட்டை, ஒரு பந்து. தட்டித் தட்டிக் கொண்டுபோய்ப் பந்தைக் குழியில் விழ வைக்க வேண்டும். ஒன்பது குழி முடித்தால் ஒரு ஆட்டம். மினி கோல்ஃப் என்கிறார்கள். நம் கோலிக்குண்டுக்குக் கோட்டு சூட்டு மாட்டிவிட்ட மாதிரி!

ஆனால் ஒரு அதிசயம். அடியை யாரும் எண்ண வேண்டாம். பந்தே எண்ணுகிறது! பந்துக்குள் மின்னணு உணரிகள் இருக்கின்றன. இது யாருடைய பந்து, எத்தனை தட்டு, குழியில் விழுந்ததா என்பதெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய், திரையில் பெயரோடு புள்ளி வந்துவிடுகிறது. குறைந்த அடியில் போட்டால் புள்ளி கூடும், பொறியில் சிக்கினால் குறையும். பேப்பரும் இல்லை, பென்சிலும் இல்லை. லண்டனில் 2018-ல் தொடங்கி, 2021-ல் அட்லாண்டாவுக்கு வந்ததாம்.

"அண்ணே, இதிலே அழுகுணி ஆட்டமே ஆட முடியாதா?" என்று கேட்டேன்.

"எப்படித் தம்பி ஆடுறது? ஸ்கோர் எல்லாருக்கும் தெரியுதே!"

"எல்லாருக்கும் தெரியுதே" என்ற அந்த வார்த்தை அன்று இராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

'பணக்காரர்களின் பொழுதுபோக்கு, நமக்கு எதுக்குடா?' என்று நண்பர்கள் கேட்டார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். தேடிப் படித்தபோது வேறு கதை கிடைத்தது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 1867-லேயே பெண்களுக்கென்று ஒரு மன்றம் தொடங்கினார்கள். பெண்கள் தோளுக்கு மேல் மட்டையை ஓங்குவது அடக்கமில்லை என்று நினைத்த காலம் அது. அதனால் குழிக்குப் பக்கத்தில் நின்று மெல்லத் தட்டும் ஆட்டம் மட்டும் அவர்களுக்கு! 1920-களில் மெக்சிகோவில் பருத்தித் தோட்டம் வைத்திருந்த தாமஸ் ஃபேர்பேர்ன் என்பவர், பருத்தி விதைத் தோலை அரைத்து மணல், எண்ணெய், சாயம் சேர்த்துத் தரை போட்டார். புல்லே வேண்டாம் என்றானது. ஆட்டம் மலிந்தது. 1930-ல், பொருளாதார மந்தத்தில் ஊரே வேலையில்லாமல் இருந்தபோது, அமெரிக்காவில் சுமார் 25,000 திடல்கள் இருந்தன. நியூயார்க்கில் மொட்டை மாடிகளில்கூட ஆடினார்கள். ஆகவே இது ஒதுக்கப்பட்டவர்களும் காசில்லாதவர்களும் வளர்த்த ஆட்டம். இளப்பமாகப் பேசாதீர்கள்.

பந்துக்குள் சில்லு வைப்பதும் பெரிய மாயமில்லை. 2000-ல் இங்கிலாந்தின் வாட்ஃபோர்டில் தொடங்கிய டாப்கோல்ஃப் அடையாளச் சில்லு வைத்த பந்துகளைக் கொண்டுவந்தது. 2021 முதல் டோல்கேட்டில் நம் ஊர் வண்டிகளுக்குக் கட்டாயமான ஃபாஸ்டேக்கும் அதே ரேடியோ அடையாள வகைதான். நம் பாடப் புத்தகத்தில் இருக்கிற சங்கதி.

இப்போது நான் தூங்காத கதைக்கு வருகிறேன்.

என் அப்பாவும் அம்மாவும் செங்கல் காளவாசலில் கல் அறுக்கிறார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. எண்ணுகிறவர் கணக்குப்பிள்ளை. எழுதுகிற நோட்டும் அவருடையது. உடைந்தது, கோணியது, மழையில் கரைந்தது என்று கழித்ததுபோக ஒரு எண் சொல்வார். அதுதான் கணக்கு. அம்மா நூறு கல்லுக்கு ஒரு புளியங்கொட்டை என்று பழைய பவுடர் டப்பாவில் போட்டு வைப்பார். சனிக்கிழமை கொட்டைக் கணக்குக்கும் நோட்டுக் கணக்குக்கும் ஒத்துவராது. "ஏட்டுல இருக்கிறதை விட்டுட்டுக் கொட்டையை நம்பச் சொல்றியா?" என்று கேட்டால் அம்மா என்ன பதில் சொல்வார்? எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். என்னைப் படிக்க வைத்ததற்கு அந்த நோட்டும் ஒரு காரணம்.

தோழர்களே, கணக்குக்குப் பேர் போன மண் இது. கடல் தாண்டிப் பர்மா வரை போய்ப் பேரேடு எழுதி, ஐந்தொகை போட்டு, காலணா பிசகாமல் வட்டி கணக்கிட்ட ஊர். இங்கேயே கல் அறுக்கிறவனுக்குத் தன் கல் எத்தனை என்று சொல்ல ஒரு சாட்சி இல்லை. ஜாலியாகப் பொழுதுபோக்க வந்தவர்கள் அடிக்கும் ஒவ்வொரு தட்டுக்கும் சாட்சி இருக்கிறது. இது நியாயமா?

கோபப்பட்டதோடு நிற்கவில்லை, செய்து பார்த்தேன். முதலில் அகச்சிவப்பு உணரி வைத்தேன். நம் லேபில் கச்சிதமாக எண்ணியது. காளவாசல் வெயிலில் கண்டபடி எண்ணியது. சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு இருக்கிறதே! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை. அப்போதுதான் அந்தப் பந்து ஞாபகம் வந்தது. வெளியே நின்று பார்க்காமல், பொருளுக்குள்ளேயே உட்கார்ந்து எண்ணினால் என்ன? கல் அறுக்கும் அச்சின் பிடியில் ஒரு சாய்வு சுவிட்சைக் கட்டினேன். சின்னக் குழல், உள்ளே ஒரு உலோகக் குண்டு. அச்சைக் கவிழ்த்தால் குண்டு உருண்டுபோய் இரண்டு கம்பியைத் தொடும், ஒரு கல் என்று கணக்காகும். விலை சில ரூபாய்தான். அச்சைத் தட்டும்போது குண்டு அதிர்ந்து ஒரே கல்லை இரண்டு மூன்றாக எண்ணியது. புரோகிராமில் ஒரு நொடி இடைவெளி வைத்தேன். அடுத்த ஞாயிறு அப்பா 200 கல் அறுத்தார். பெட்டி 203 காட்டியது. இன்னும் மூன்று கல் இடிக்கிறது, சரி செய்துவிடுவேன்.

அப்பா எண்ணைப் பார்த்தார். "எழுத்துதான் தெரியாது, நம்பர் தெரியும்ல" என்று சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இதைக் கொண்டுபோய் வச்சா, நாளைக்கு வேலைக்கு வராதேன்னுருவாங்கடா."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒன்று புரிந்தது. பந்துக்குள் இருக்கிற சில்லு பெரிசில்லை. ஸ்கோர் காட்டும் திரை எல்லாரும் பார்க்கிற பக்கம் திரும்பி இருக்கிறதே, அதுதான் பெரிசு. எண்ணும் கருவி முதலாளியின் செல்போனுக்கு மட்டும் கணக்குச் சொன்னால், அது சம்பளம் வாங்காத இன்னொரு கணக்குப்பிள்ளை. 'இவன் மெதுவாக அறுக்கிறான்' என்று கோள் சொல்லவும் அதற்குத் தெரியும். இரண்டு பக்கமும் எண் தெரிகிற பெட்டியாக இருந்தால், முதலாளிக்கும் ஏமாற்றம் இல்லை, தொழிலாளிக்கும் ஏமாற்றம் இல்லை.

அதனால்தான் இந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கினேன். வருடா வருடம் நாம் என்ன புராஜெக்ட் செய்கிறோம்? அறைக்குள் எத்தனை பேர் நுழைந்தார்கள் என்று எண்ணும் கருவி! மார்க் வாங்கியதும் அது பீரோவுக்குள் தூங்கப் போகிறது. அதே எண்ணியை இந்த ஆண்டு காளவாசலுக்கும், மூட்டை தூக்குகிற இடத்துக்கும், கீற்று முடைகிற திண்ணைக்கும் செய்வோம். ஒருவன் தனியாகக் கொண்டுபோனால் அவன் அப்பாவுக்கு வேலை போகும். பேரவையும் ஆசிரியர்களும் சேர்ந்து, கல்லூரியின் பெயரில் கொண்டுபோனால் முதலாளி உட்கார வைத்துப் பேசுவார்.

நம் ஊருக்கு விஞ்ஞானம் புதிதில்லை. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்ததால் 1948-ல் மின்வேதியியல் ஆய்வகத்துக்கு இங்கே அடிக்கல் விழுந்தது. நம்மிடம் ஏக்கரும் இல்லை, லட்சமும் இல்லை. ஒரு சாய்வு சுவிட்ச் இருக்கிறது.

அட்லாண்டா அண்ணன் திரும்பிப் போய்விட்டார். என்றைக்காவது அந்தக் கூடத்தில் நானும் ஒரு ஆட்டம் ஆடுவேன். வெட்கமில்லாமல் ஆசைப்படுகிறேன். ஆனால் அதற்கு முந்தி அம்மாவின் பவுடர் டப்பாவிலிருந்து புளியங்கொட்டைகளைக் கொட்டிவிட வேண்டும்.

இப்போது சிரிப்பவர்கள் சிரிக்கலாம். கூட வருகிறவர்கள் லேபுக்கு வாருங்கள்!

- மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் பிரிவு