கஞ்சாவுக்கு விடுதலை, பயிரிட்டவனுக்கு?

தென்னாப்பிரிக்காவில் கஞ்சா சட்டபூர்வமாகிவிட்டது என்ற பேச்சு எழும்போதெல்லாம் நம் சிற்றிதழ் நண்பர்களிடம் இரண்டே எதிர்வினைகள்தாம். ஒரு சாரார் கலகம் வென்றது என்று பூரிக்கிறார்கள்; மறு சாரார் நாடு கெட்டது என்று தலையில் அடித்துக்கொள்கிறார்கள். தீர்ப்பையும் அதன்பின் வந்த சட்டத்தையும் சற்றே படித்துப் பார்த்தால் இரண்டுக்குமே இடமில்லை என்பது விளங்கும். சட்டம் அங்கே காப்பாற்றியிருப்பது வீட்டுக் கதவை மட்டுமே.

2018 செப்டம்பர் 18 அன்று, நீதிபதி ரேமண்ட் சோண்டோ எழுதிய ஒருமித்த தீர்ப்பில், வயதுவந்த ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்காகத் தனியிடத்தில் கஞ்சா வளர்ப்பதையும் வைத்திருப்பதையும் புகைப்பதையும் குற்றமாக்குவது அந்தரங்க உரிமைக்கு முரணானது என்றது அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம். சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்குத் தந்த அவகாசம் 24 மாதம். குடியரசுத் தலைவர் ரமபோசா புதிய சட்டத்தில் கையொப்பமிட்டதோ 2024 மே 28இல், பொதுத்தேர்தலுக்கு முதல் நாள்! கையொப்பம் மட்டும் போதாது; அது நடைமுறைக்கு வர விதிமுறைகளும் தனி அறிவிப்பும் வேண்டும். அச்சட்டத்தின்படி ஒருவர் இன்னொருவருக்குக் கஞ்சாவை இனாமாகக் கொடுக்கலாம். காசு வாங்கினால் குற்றவாளி.

இதில் யாருக்கு என்ன கிடைத்தது? கேப் டவுனில் தோட்டமும் மதிலும் உள்ள வீட்டுக்காரருக்கு நிம்மதி கிடைத்தது. தகரக் குடிசையில் ஏழு பேர் நெருக்கியடித்துப் படுக்கும் இடத்தில் 'தனியிடம்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று நீதிமான்கள்தாம் சொல்ல வேண்டும்.

கேரத் பிரின்ஸின் கதையை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ரஸ்தஃபாரி சமயத்தவர், சட்டம் படித்தவர். கஞ்சா வைத்திருந்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர் என்பதாலும், அது தம் வழிபாட்டின் பகுதி, விடமாட்டேன் என்று அவர் உறுதியாகச் சொன்னதாலும் வழக்கறிஞர் தொழிலுக்குள் அவரை நுழைய விடவில்லை. சமய உரிமை கேட்டு இதே நீதிமன்றத்துக்குப் போனார். 2002இல் 5க்கு 4 என்ற கணக்கில் தோற்றார். 2018 வழக்கில் வென்றவர்களுள் அவரும் ஒருவர். சமயத்தின் பெயரால் கிடைக்காதது அந்தரங்கத்தின் பெயரால் கிடைத்தது. தெருவிலோ வயலிலோ சந்தையிலோ நிற்பவனுக்கு அந்தப் பெயராலும் எதுவும் கிடைக்கவில்லை.

என் சினம் முழுவதும் அந்த வயலைப் பற்றியதுதான். கிழக்குக் கேப் மாகாணத்தின் போண்டோலாந்தில், லுசிகிசிகி, போர்ட் செயின்ட் ஜான்ஸ் வட்டாரங்களில், தலைமுறைகளாகக் கஞ்சா பயிரிடும் குடும்பங்கள் உண்டு. மக்காச்சோளம் வயிற்றுக்கு, கஞ்சா கைக்காசுக்கு. பள்ளிக் கட்டணமும் சீருடையும் அதில்தான் வந்தன. அந்த மலைச்சரிவுகளின் மேல் காவல்துறையின் ஹெலிகாப்டர்கள் ஆண்டுதோறும் கிளைஃபோசேட் களைக்கொல்லியைத் தூவின. பக்கத்துச் சோளத்திலும் நீர்நிலையிலும் அது படிந்ததென்று அம்மக்கள் முறையிட்டார்கள். இன்று அவர்கள் தம் பயிரைத் தாமே புகைத்துக்கொள்ளலாமாம். விற்கக் கூடாது. நெல் விளைவிப்பவனிடம் சாப்பிடு, ஒரு மூட்டையையும் சந்தைக்குக் கொண்டுபோகாதே என்று சொல்வது போன்றதுதான் இது.

அப்படியானால் விற்பனையே இல்லையா? உண்டு. மருத்துவக் கஞ்சா பயிரிட மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் உரிமம் தரப்படுகிறது. அதற்கு வேலி, கண்காணிப்புக் கருவி, ஆய்வகத் தரம் எல்லாம் வேண்டும். முதலீடு உள்ள நிறுவனங்கள் வளர்த்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கின்றன. அதே செடி, அதே மண்.

இந்த அநீதியின் வேரில் நம்மவர்களின் வியர்வையும் கிடக்கிறது. பிஜியின் கரும்புத் தோட்டத்தைப் பாரதி பாடினார். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு முதல் கப்பலான ட்ரூரோ 1860இல் போய்ச் சேர்ந்தது சென்னையிலிருந்து. ஒப்பந்தக் கூலிகள் தமக்குப் பழகிய கஞ்சாவை அங்கும் புகைத்தார்கள். நேட்டாலின் 1870ஆம் ஆண்டுக் கூலிச் சட்டம் கூலிகள் அதைப் புகைப்பதையும் வைத்திருப்பதையும், அவர்களுக்கு விற்பதையும் கொடுப்பதையும் தடை செய்தது. கூலியின் நலமா அவர்களுக்குக் கவலை? எந்த வேலைக்காகக் கடல் கடத்திக் கொண்டுவந்தோமோ அதைச் செய்ய முடியாமல் போகிறான் என்பதே புகார். 1885-87இல் விசாரித்த ராக் ஆணையத்தின் கவலையும் அதுவே. பிறகு 1923இல் தென்னாப்பிரிக்க அரசு, இந்தச் செடியைப் போதைப் பொருள்களின் பட்டியலில் சேர்க்கும்படி சர்வதேச சங்கத்துக்கு எழுதியது. 1925 ஜெனீவா ஒப்பந்தத்தில், எகிப்தின் வற்புறுத்தலும் சேர, அது நிறைவேறியது. ஆகவே கஞ்சாத் தடை காலங்காலமான அறம் என்று எவரும் என்னிடம் வாதிட வரவேண்டாம்.

கஞ்சா தீங்கற்றது என்று நான் சொல்லவில்லை. இளம் வயதில் மிகுதியாகப் புகைப்பவர்களின் மனநலம் குலையும் ஆபத்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். சிறுவர்களை அதனிடமிருந்து விலக்கிவைக்கும் பிரிவுகள் இருக்கட்டும். ஆனால் அந்தத் தீங்கு, நிறுவனம் ஏற்றுமதி செய்யும்போது மருந்தாகவும் போண்டோலாந்துக் கிழவி விற்கும்போது குற்றமாகவும் மாறுவது எந்த மருத்துவம்? சிறு விவசாயிக்கு எளிய கட்டணத்தில் உரிமம் தந்து, அவன் விளைச்சலைக் கூட்டுறவு வழியாகக் கொள்முதல் செய்ய அந்த அரசுக்கு என்ன தடை?

புதிய சட்டத்தில் இன்னொரு பிரிவு இருக்கிறது. கஞ்சா வைத்திருந்ததற்காகவும் புகைத்ததற்காகவும் தண்டிக்கப்பட்டவர்களின் பழைய குற்றப்பதிவுகளை அழிக்க அது வழி செய்கிறது. அளவு மிகுதி என்பதாலேயே வியாபாரி என்று அனுமானிக்கப்பட்டவர்களுக்கும் அந்தச் சலுகை உண்டு. மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக உண்மையாகவே ஒரு பை விற்றுப் பிடிபட்டவரின் பதிவு அப்படியே இருக்கும்.