பேருந்து நிலையமும் வழிப்போக்கரின் உரிமையும்

திருப்பாலைக்குடிக்கென்று பெரிய பேருந்து நிலையம் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நின்று கைகாட்டினால், தொண்டிப் பக்கமிருந்து வரும் பேருந்து நம்மை ஏற்றிக்கொண்டு தேவிபட்டினம் வழியாக இராமநாதபுரத்தில் இறக்கிவிடும். மருத்துவம், ஆட்சியர் அலுவலகம், திருமணத்திற்குத் துணி எடுப்பது, மதுரைக்கோ கீழக்கரைக்கோ ஏர்வாடிக்கோ செல்வது என எதுவாயினும் முதலில் கால் வைப்பது அந்நகரப் பேருந்து நிலையத்தில்தான். ஆகவே அந்நகர மக்களுக்கு மட்டுமின்றி, நம்மைப் போன்ற கடலோரச் சிற்றூர்கள் அனைத்திற்கும் மத்தியப் பேருந்து நிலையம் அதுவே.

பேருந்து நிலையத்தைப் பற்றிப் பேசும்போது கட்டடம் எவ்வளவு பெரியது, எத்தனைப் பேருந்துகள் நிற்கும், எத்தனைக் கடைகள் உள்ளன என்றே பேசுகிறோம். நாம் கேட்க விரும்புவது வேறொரு கேள்வி. வெளியூர் புறப்படும் நாளில் நம் வீட்டுப் பெண்கள் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை?

இதை ஆண்கள் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். தாயிடமோ மனைவியிடமோ மகளிடமோ கேட்டுப் பாருங்கள். காலையில் அரைக் குவளைத் தேநீரோடு நிறுத்திக்கொள்வார்கள். இடையில் ஒதுங்க இடம் கிடைக்காது, கிடைத்தாலும் உள்ளே கால் வைக்க முடியாது, தண்ணீர் வராது என்ற அச்சமே காரணம். நம் மாவட்டத்து வெயிலில் ஒரு நாள் முழுதும் நீரருந்தாமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு திரும்பும் பெண்ணுக்குச் சிறுநீர்த் தொற்று வருவதில் வியப்பில்லை. கர்ப்பிணிகளுக்கும் நீரிழிவு உள்ள முதியவர்களுக்கும் இதன் கேடு இன்னும் பெரிது. எந்த ஒரு நிலையத்தையும் தனித்துக் குற்றஞ்சாட்டுவது நம் நோக்கமன்று. தமிழகத்தின் பல ஊர்களில் பேருந்து மாறி நின்ற அனைவரும் அறிந்த நிலைதான் இது.

2021 மே 8 முதல் தமிழகத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். மீன் விற்கச் செல்லும் பெண்களும், கூலி வேலைக்குச் செல்பவர்களும், கல்லூரி மாணவிகளும் இதனால் அடைந்த நன்மை சிறிதன்று. முன்பு பேருந்துக் காசுக்குக் கணவரையோ மகனையோ எதிர்பார்த்தவர்கள் இன்று தாமாகவே புறப்படுகிறார்கள். ஆனால் பேருந்தில் ஏறும் பெண்களின் எண்ணிக்கை கூடிய அளவிற்கு, அவர்கள் காத்திருக்கும் இடத்தின் வசதி கூடியதா? 2015 ஆகஸ்டில் மாநிலமெங்கும் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் தாய்மார்களுக்கான அறைகள் திறக்கப்பட்டன. நல்ல திட்டம். எனினும் அறை கட்டுவது ஒரு நாள் வேலை. அதைத் திறந்து, தூய்மையாக, விளக்கெரிய வைத்திருப்பது அன்றாட வேலை. பூட்டிக் கிடக்கும் அறையால் எந்தக் குழந்தைக்கும் பயனில்லை.

கீழக்கரையில் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி 1988-ல் தொடங்கப்பட்டது. நம் பகுதியிலிருந்து அங்கே படிக்கச் செல்லும் பெண் இராமநாதபுரத்தில் பேருந்து மாறவேண்டும். மாலையில் திரும்பும்போது அஸர் வந்துவிடும். பேருந்து தவறினால் மஃக்ரிபும் வந்துவிடும். பயணத் தொழுகைக்குரிய தொலைவு சுமார் 80 கிலோமீட்டர் என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. இந்தப் பெண்ணின் பயணம் அத்தொலைவை எட்டாது. எனவே சுருக்கித் தொழும் சலுகை அவளுக்கு இல்லை. உளூச் செய்ய நீரும், தொழ ஓரிடமும் வேண்டும். இரண்டும் கிடைக்காத கவலையில், 'படித்தது போதும்' என்று மகளை வீட்டில் நிறுத்திவிடும் பெற்றோரும் உண்டு. ஒரு பெண்ணின் கல்வி கல்லூரி வாசலில் தொடங்குவதற்கு முன், பேருந்து நிலையத்தின் இருளிலும் அசுத்தத்திலும் நின்றுவிடலாம் என்பதை நாம் உணரவேண்டும்.

குறை சொல்லச் செல்பவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊர்களில் பெரும்பாலும் பேருந்து நிலையம் நகராட்சியின் சொத்து. பேருந்துகள் போக்குவரத்துக் கழகத்திற்கும் தனியாருக்கும் உரியவை. கடைகளும் கட்டணக் கழிப்பறைகளும் ஏலத்திலோ குத்தகையிலோ விடப்படுகின்றன. கழிப்பறையைப் பற்றி நடத்துநரிடம் முறையிட்டும், பேருந்து வராததைப் பற்றி நகராட்சியிடம் முறையிட்டும் பயனில்லை. குத்தகைதாரர் தூய்மை பேணாவிட்டால், அவரிடம் கணக்குக் கேட்கவேண்டியது குத்தகைக்கு விட்ட உள்ளாட்சி அமைப்பு. எழுத்து மூலமான மனுவுடன் நகராட்சி ஆணையரை அணுகலாம். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் அளிக்கலாம்.

இது உலக விவகாரம்தானே, மார்க்கத்திற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணலாம். ஸகாத்தைப் பெற உரிமையுள்ள எட்டுப் பிரிவினருள் வழிப்போக்கரையும் ஒருவராக அல்லாஹ் குர்ஆனில் (9:60) குறிப்பிடுகிறான். சொந்த ஊரில் செல்வந்தராக இருப்பவரும் வழியில் தேவையுடையவராகிவிடலாம் என்பதே இதன் அடிப்படை. பாதையிலிருந்து தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்றும், மக்கள் நடக்கும் வழியையும் அமரும் நிழலையும் அசுத்தம் செய்வது சாபத்திற்குரியது என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் கலீஃபா ஹாரூன் ரஷீதின் மனைவி ஸுபைதா அம்மையார், கூஃபாவிலிருந்து மக்கா செல்லும் பாலைவழியில் ஹாஜிகளுக்காகக் கிணறுகளும் தங்குமிடங்களும் அமைக்கப் பொருள் வழங்கினார். அவ்வழி இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. நம் சீமையிலும் சேதுபதி மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் யாத்ரீகர்களுக்காகச் சத்திரங்கள் எழுப்பினார்கள். வழிச்செல்பவருக்கு நீரும் நிழலும் தருவதை எல்லாச் சமயத்தவரும் அறமாகப் போற்றிய மண் இது. அந்தச் சத்திரத்தின் இடத்தில் இன்று இருப்பது பேருந்து நிலையமே.

நகராட்சியைக் கேட்கும் முன் நம்மையும் கேட்டுக்கொள்வோம். பேருந்து நிலையம் எல்லாச் சமயத்தவர்க்கும் பொதுவானது. பொதுப் பணத்தில் நமக்கென்று ஒரு தொழுகை அறை கேட்பதை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் நகரங்களில் பேருந்து நிலையத்திற்கு நடந்து செல்லும் தொலைவிலேயே பெரும்பாலும் பள்ளிவாசல் இருக்கிறது. ஆண்கள் அங்கே உளூச் செய்து, தொழுது, சற்று இளைப்பாறியும் திரும்புகிறார்கள். உடன் வந்த பெண்களோ பை மூட்டைகளோடு வெளியில் காத்திருக்கிறார்கள். பெண்கள் பள்ளிக்கு வந்து ஜமாஅத்தில் தொழுவது பற்றிய கருத்து வேறுபாட்டிற்குள் நாம் செல்லவில்லை. பயணத்தில் இருக்கும் பெண்ணுக்குத் தனி வாசலுடன் ஒரு சிறு அறை, ஒரு கழிப்பறை, ஒரு குழாய் என்பதே நம் வேண்டுகோள். மினாராவை உயர்த்தப் பல இலட்சம் திரட்டும் நம் ஜமாஅத்களுக்கு இது இயலாத செலவன்று. அவ்வறைக்குத் தொழ வரும் பெண் மட்டுமன்றி, பிள்ளைக்குப் பாலூட்ட இடம் தேடும் பிற சமயச் சகோதரியும் வரலாம் என்றால், அதைவிடச் சிறந்த அழைப்புப் பணி வேறென்ன இருக்கிறது?

அவ்வாறே, தேநீர்க் குவளையையும் வாழைப்பழத் தோலையும் நடைமேடையில் எறிவதும், சுவரோரம் ஒதுங்குவதும், வெற்றிலை எச்சில் துப்புவதும் நம்மவர்களிடமும் இருக்கும் பழக்கங்களே. குத்பா மேடைகளில் இதைப் பற்றியும் ஒரு வெள்ளி பேசப்படட்டும்.

மனுவில் கேட்கவேண்டியவை அதிகமில்லை: பெண்களுக்கு இரவும் பகலும் தண்ணீருடன் திறந்திருக்கும் கட்டணமற்ற கழிப்பறை, குடிநீர், போதிய விளக்கு, முதியவர் அமர இருக்கை, தமிழில் தெளிவான நேர அட்டவணை. அம்மனுவை எழுதும்போது பெண்களையும் உட்கார வைத்து எழுதுங்கள். எந்தக் குழாயில் நீர் வரவில்லை, எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நம் வீட்டுப் பெண்கள் பயண நாளிலும் அச்சமின்றி ஒரு குவளைத் தண்ணீர் அருந்திவிட்டுப் புறப்படும் நிலை வரவேண்டும். அதற்காக உழைக்க வல்ல அல்லாஹ் நமக்கு நல்லருள் புரிவானாக.