பெயரை மாற்றினால் போதும் என்கிற ‘பணி நோக்கம்’

இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் வேலைவாய்ப்புப் பிரிவுக்கு வரும் ரெஸ்யூமேக்களில் நூறை எடுத்து, பெயர்களை மறைத்துவிட்டு, ‘கேரியர் அப்ஜெக்டிவ்’ என்ற தலைப்பின் கீழுள்ள வரிகளை மட்டும் வாசித்துப் பார்க்கலாம். “என் திறமைகளை முழுமையாகப் பயன்படுத்தி, நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் என் வளர்ச்சிக்கும் பங்களிக்கத்தக்க சவாலான பணிச்சூழலில் பணியாற்றுதல்.” இயற்பியல் மாணவியும் இதையே எழுதுகிறார்; வணிகவியல் மாணவரும் இதையே எழுதுகிறார்; முனைவர் பட்டம் பெற்றுப் பத்து ஆய்வுக்கட்டுரைகள் வெளியிட்டவரும் ஓரிரு சொற்களை மாற்றி இதையே எழுதுகிறார். மூத்த மாணவர் ஒருவரின் கோப்பு கைமாறி வருகிறது. விடுதி வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடையில் பெயரும் மதிப்பெண்ணும் மட்டும் மாற்றப்படுகின்றன. நோக்கம் மாறுவதில்லை, அது எவருடைய நோக்கமாகவும் இருந்ததில்லை.

இதை மாணவர்களின் சோம்பல் என்று சொல்லிக் கடந்துவிடுவது பேராசிரியர்களுக்கு வசதியானது. உண்மையில் இது உயர்கல்வி நிறுவனங்கள் கற்றுக்கொடுத்த பழக்கம். அதன் விலையை எல்லா மாணவர்களும் சமமாகக் கொடுப்பதில்லை என்பதுதான் இங்கே பேச வேண்டிய செய்தி.

ரெஸ்யூமேவை வாசிக்கும் மனிதவள அலுவலர், மேசையில் குவிந்திருக்கும் விண்ணப்பங்களுக்கிடையே ஒவ்வொன்றுக்கும் மிகச் சிறிது நேரமே ஒதுக்குகிறார். முதல் பத்தி எதையும் சொல்லவில்லையென்றால் அவருடைய கண் அங்கே நிற்காது. அது அடுத்துச் செல்லும் இடங்கள் மூன்று: பெயர், படித்த கல்லூரி, ஊர். பழைய ‘பயோடேட்டா’ மரபை இன்னமும் விடாத படிவங்களில் தந்தை பெயர், மதம், திருமண நிலை ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. விண்ணப்பதாரர் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடத்தைக் காலியாக விடும்போது, அவருடைய பிறப்பும் பின்னணியும் அந்த இடத்தில் வந்து அமர்கின்றன.

இது வெறும் ஊகமன்று. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் வெளியிட்ட ஆய்வை சமூக அறிவியல் துறையினர் அறிவர். செய்தித்தாள்களில் வந்த தனியார் துறை வேலை விளம்பரங்களுக்கு, ஒத்த தகுதிகள் கொண்ட விண்ணப்பங்கள் உயர்சாதி இந்து, தலித், முஸ்லிம் பெயர்களில் அனுப்பப்பட்டன. தேர்வின் அடுத்த கட்டத்துக்கு அழைக்கப்படும் சாத்தியம், உயர்சாதிப் பெயருடன் ஒப்பிடுகையில், தலித் பெயருக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகவும், முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தது. அதே ஆண்டில் அதே இதழில் சுரிந்தர் ஜோத்காவும் கேதரின் நியூமனும் மனிதவள மேலாளர்களுடன் நடத்திய நேர்காணல்களை முன்வைத்து எழுதினர். தகுதியைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை என்று உறுதியாகச் சொன்ன மேலாளர்களே, விண்ணப்பதாரரின் ‘குடும்பப் பின்னணி’யை அறிவது அவசியம் என்றும் கருதினர்.

இங்கே ஒரு மறுப்பு எழும். தகுதி சமமாக இருந்தும் பெயரே தடையாக நிற்குமானால், ஒரு நல்ல வாக்கியம் என்ன செய்துவிடும்? நியாயமான கேள்வி. எந்த வாக்கியமும் சாதியையும் மதவெறுப்பையும் ஒழித்துவிடாது. அதற்குச் சட்டமும் போராட்டமும் வேண்டும். ஆனால் பாகுபாடு காட்ட விரும்புபவருக்கு ‘இந்த விண்ணப்பத்தில் குறிப்பிடத்தக்கதாக எதுவும் இல்லை’ என்ற சாக்கை மாணவரே எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. புகழ்பெற்ற கல்வி நிறுவனத்தின் பெயரும், அதே துறையில் பணியாற்றும் உறவினரின் தொலைபேசி அழைப்பும் உள்ளவருக்கு வெற்று வாக்கியத்தால் பெரிய இழப்பில்லை. மாவட்டத் தலைநகர் ஒன்றின் இணைப்புக் கல்லூரியிலிருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த இரண்டு வரிகளைத் தவிர பரிந்து பேச வேறு யாருமில்லை. அவற்றையே வெற்றாக்கும் வார்ப்பை அவர் கையில் கொடுத்துவிட்டு, அதற்கு வழிகாட்டுதல் என்று பெயரிடுகிறோம்.

‘பணி நோக்கம்’ காலாவதியாகிவிட்டது, அதை எடுத்துவிட்டு அனுபவச் சுருக்கம் எழுதினால் போதும் என்று சொல்லும் ஆலோசகர்களும் உண்டு. பத்தாண்டு அனுபவம் உள்ளவருக்கு அது பொருந்தும். அவர் செய்த பணிகளே அவர் எங்கே செல்கிறார் என்பதைச் சொல்லிவிடும். புதிதாகப் பட்டம் பெற்றவருக்கும், துறை மாறுபவருக்கும், ஆய்வுலகை விட்டு வெளியேறுபவருக்கும் அது பொருந்தாது. வரலாற்றில் முதுகலை என்ற பட்டத்தை வைத்துக்கொண்டு அவர் ஆவணக்காப்பகத்துக்கு வருகிறாரா, பதிப்பகத்துக்கு வருகிறாரா, பள்ளிக்கு வருகிறாரா என்று எவராலும் சொல்ல முடியாது. அதைச் சொல்வதுதான் இந்த வரிகளின் வேலை.

அப்படியானால் நல்ல பணி நோக்கம் எது? அதில் மூன்று செய்திகள் இருந்தாக வேண்டும்: எந்தப் பணி, அதற்கு எது சான்று, ஏன் இந்த நிறுவனம். முப்பது, நாற்பது சொற்களுக்குள் இவை அடங்கிவிடும். புனேயில் வரலாறு படித்த மாணவி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்குள்ள பேஷ்வா கால ஆவணங்கள் பெரும்பாலும் மோடி என்னும் பழைய மராட்டிய எழுத்துமுறையில் உள்ளவை. அவர் எழுத வேண்டியது சவாலான சூழலைப் பற்றியன்று: “ஆவணக்காப்பக உதவியாளர் பணி. முதுகலை ஆய்வேட்டுக்காக மோடி எழுத்தில் உள்ள நாற்பது வருவாய் ஆவணங்களைப் படித்துத் தேவநாகரியில் பெயர்த்தெழுதிய பயிற்சி உண்டு. தங்கள் காப்பகத்தின் மராட்டிய ஆவணப் பட்டியலாக்கத்தில் பங்கேற்க விருப்பம்.” கல்லூரியின் பெயர் தெரியாதவரும் இவரை நேர்காணலுக்கு அழைத்துப் பேசிப் பார்க்க விரும்புவார்.

புள்ளியியல் படித்த மாணவர் ஒருவருக்கும் இதே முறைதான்: “களத்தரவுப் பகுப்பாய்வாளர் பணி. இரு கிராமங்களில் நூற்றிருபது குடும்பங்களிடம் தரவு திரட்டி, ஆர் மென்பொருளில் பகுப்பாய்ந்த இளங்கலைத் திட்டப்பணி. ஊரக நலவாழ்வு குறித்த தங்கள் கணக்கெடுப்புகளில் பணியாற்ற விருப்பம்.” இரண்டு எடுத்துக்காட்டுகளிலும் ‘கடின உழைப்பாளி’, ‘ஆற்றல்மிக்கவர்’, ‘விரைந்து கற்பவர்’ போன்ற அடைமொழிகள் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நாற்பது ஆவணங்களைப் படித்தவர் உழைப்பாளி என்பதை வாசிப்பவரே உணர்ந்துகொள்வார். விண்ணப்பங்களை முதலில் மென்பொருள் வடிகட்டும் நிறுவனங்களிலும் இம்முறையே உதவும்; அம்மென்பொருள்கள் விளம்பரத்தில் கண்ட திறன்களையும் பணிப்பெயரையும் தேடுபவை, ‘சவாலான சூழலை’த் தேடுபவையல்ல.

இந்த ஒழுங்கு ஆய்வுத் துறைக்குப் புதிதன்று என்பதுதான் வேடிக்கை. ‘பல்வேறு கூறுகளை ஆராய்தல்’ என்று நோக்கம் எழுதிய ஆய்வுச்சுருக்கத்தை எந்த நெறியாளரும் ஏற்பதில்லை. எந்தக் கூறுகள், எந்தத் தரவு, ஏன் இந்தக் களம் என்று சிவப்பு மையால் கேட்டுத் திருப்பி அனுப்புகிறார். அதே மாணவர், அதே வாரத்தில், அதைவிட வெறுமையான நோக்கத்தோடு வேலைக்கு விண்ணப்பிக்கிறார். நெறியாளர் அதைப் பார்ப்பதேயில்லை. பரிந்துரைக் கடிதம் கேட்டு வந்தால், ‘நேர்மையானவர், கடின உழைப்பாளி’ என்ற தமது பழைய வார்ப்பில் பெயரை மாற்றிக் கையொப்பமிடுகிறார். வார்ப்பு மொழியை மாணவர் எங்கே கற்றார் என்று இதற்குப் பிறகும் வியக்க வேண்டியதில்லை.

நிறுவனங்களுக்கு எண்ணிக்கை வேண்டும். 2016இல் முதல் பட்டியலை வெளியிட்ட தேசியத் தரவரிசைக் கட்டமைப்பு, பட்டம் பெற்றோரின் நிலையையும் ஓர் அளவுகோலாகக் கொள்கிறது. நாக் மதிப்பீட்டிலும் மாணவர் முன்னேற்றத்துக்கு இடமுண்டு. எத்தனை பேர் வேலையில் சேர்ந்தனர் என்று கணக்குக் காட்ட வேண்டியிருப்பதால், வேலைவாய்ப்புப் பிரிவுகள் எல்லோருக்கும் ஒரே படிவத்தை அனுப்பி, நாளை மாலைக்குள் நிரப்பித் தரச் சொல்கின்றன. 2021–22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டின் உயர்கல்வியில் சேர்ந்திருப்போர் ஏறத்தாழ 4.33 கோடி. இத்தனை பேரில் ஒருவரை இன்னொருவரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டும் வாக்கியத்தை எழுதக் கற்பிக்க, பாடத்திட்டத்தில் ஒரு மணி நேரம்கூட இல்லை என்பதை ஏற்பதற்கில்லை.

செய்ய வேண்டியவை எளியவை. வேலைவாய்ப்புப் பிரிவுகள் தங்கள் படிவத்திலிருந்து தந்தை பெயர், மதம், திருமண நிலை ஆகியவற்றை இன்றே நீக்கலாம். அந்தப் பணியைச் செய்ய அவை எவ்விதத்திலும் தேவைப்படுவன அல்ல. ‘பணி நோக்கம்’ என்ற கட்டத்தில் முன்கூட்டியே நிரப்பி வைத்த வாக்கியத்தையும் அழிக்கலாம். ஒவ்வொரு துறையும் இறுதிப் பருவத்தில் ஒரு வகுப்பை ஒதுக்கி, மாணவர் ஒவ்வொருவரும் உண்மையான வேலை விளம்பரம் ஒன்றைக் கொண்டுவந்து, அதற்கென்றே மூன்று வரிகள் எழுதச் செய்யலாம். ஆசிரியர் அவற்றை ஆய்வுச்சுருக்கத்தைப் படிப்பது போலப் படிக்க வேண்டும்: எந்தப் பணி? எது சான்று? ஏன் இங்கே?

மாணவர்களுக்குச் சோதனை ஒன்றே. எழுதிய பணி நோக்கத்தை அறைத்தோழரிடம் கொடுத்து, அவருடைய ரெஸ்யூமேயில் பொருத்திப் பார்க்கச் சொல்ல வேண்டும். பொருந்தினால், அதை அழித்துவிட்டு மீண்டும் எழுத வேண்டும்.